ஒரு கோப்பையும் ஒரு கூரையும்: கொழும்பிலிருந்து சில நாட்கள்

ஞாயிறு, கொட்டாஞ்சேனை

நீலகிரியில் பச்சைத் தேயிலை விற்கிற எவரைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்தினான், விலை விழுந்தது. சோவியத் ஒன்றியம் இருந்தவரை குன்னூர்த் தேயிலைக்கு அதுதான் பெரிய வாடிக்கையாளர். டாலர் தேவையில்லை, ரூபாயிலேயே வியாபாரம். 1991-இல் அந்த நாடே இல்லாமல் போயிற்று. அடுத்து வந்த வருடங்களில் கூடலூர் பக்கம் எத்தனை வீட்டு நகை அடகுக்கடைக்குப் போனது என்பதைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவன் நான். எங்கள் வீட்டு நகையும் போனது.

அதனால் கொழும்புக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எங்களைவிடத் தேயிலையை அதிகம் நம்பியிருக்கும் நாடு இது. இப்படிப்பட்ட நாட்டுக்கும் அதன் பெரிய வாடிக்கையாளருக்கும் உரசல் வந்தால் என்ன நடக்கிறது, யார் தலையில் விடிகிறது என்று இங்கே இருப்பவர்கள் வாயால் கேட்க வேண்டும்.

சொந்தமும் இருக்கிறது. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளி மலையகத்து மக்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. தாத்தா இந்தியக் கணக்கில் விழுந்தார், அவர் தம்பி இலங்கைக் கணக்கில். தாத்தா தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, கூடலூரில் தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். தம்பி நாவலப்பிட்டியிலேயே இருந்துவிட்டார். அவருடைய மகன் எனக்குச் சித்தப்பா முறை. அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன்.

சித்தப்பா பேலியகொடையில் ஒரு தேயிலை ஸ்டோரில் வாழ்க்கை முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூட்டை தூக்கப் போய்ச் சேர்ந்தவர், கடைசியில் கன்டெய்னரில் ஏறும் சாக்குகளைக் கணக்கெடுக்கும் ஆள். வீடு ஒரு முடுக்குக்குள், இரண்டு அறை, மேலே அஸ்பெஸ்டஸ் சீட். மழை விழும்போது பேச்சே கேட்காது. சித்தி இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயை நீட்டினார்கள், பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. மழை ஓயக் காத்திருந்த சித்தப்பா மேலே கை காட்டினார்.

"மகன், இந்தக் கூரையில உள்ள நார் எந்த நாட்டுல இருந்து வருது தெரியுமா? ரஷ்யா. இப்ப கையில வச்சிருக்கீங்களே, இந்தத் தேத்தண்ணி போற நாடும் அதுதான். 2017 கிறிஸ்மஸ் நேரம் இந்த ரெண்டுக்கும் சண்டை வந்துச்சு."

விஷயம் இதுதான். அஸ்பெஸ்டஸ் நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும், எந்த வகை அஸ்பெஸ்டஸ் ஆனாலும் சரி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. இலங்கை அரசும் 2018 ஜனவரி 1 முதல் அந்த இறக்குமதியை நிறுத்தப் போவதாக அறிவித்திருந்தது. இந்தச் சரக்கை இலங்கைக்கு அதிகம் விற்றது ரஷ்யா. தடை அமலுக்கு வர இரண்டு வாரம் இருக்கும்போது மாஸ்கோவிலிருந்து செய்தி வந்தது. இலங்கையிலிருந்து போன ஒரு தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு கிடைத்திருக்கிறது, ஆகவே டிசம்பர் 18 முதல் இலங்கைத் தேயிலையும் மற்ற விளைபொருள்களும் உள்ளே வரக்கூடாது. அப்போது இலங்கைத் தேயிலையை அதிகம் வாங்கிய நாடுகளின் முன்வரிசையில் இருந்தது ரஷ்யா.

கப்ரா வண்டு தானியக் கிடங்குப் பூச்சி. கோதுமை, அரிசி, பருப்பு தின்னும். தேயிலைத் தூளில் அதற்குத் தின்ன ஒன்றும் இல்லை. "நான் எத்தனை லட்சம் சாக்கு பார்த்திருப்பேன், தேயிலையில அந்த வண்டு குடும்பம் நடத்தி ஒருநாளும் பார்த்ததில்ல" என்றார் சித்தப்பா. பொதியிலோ கப்பலிலோ வேறு சரக்கிலிருந்து ஏறியிருக்கலாம். ஒரு பொதியில் வண்டு இருந்தால் அந்தப் பொதியைத் திருப்பி அனுப்பலாம், புகையடிக்கச் சொல்லலாம். ஒரு நாட்டின் மொத்த விளைச்சலையும் நிறுத்துவது வேறு விஷயம்.

ஸ்டோரில் அந்த வாரம் எப்படி இருந்தது என்று கேட்டேன். ரஷ்யாவுக்கென்று லேபிள் ஒட்டிய சாக்குகளை ஏற்றாதே என்று முதலில் போன் வந்ததாம். அப்புறம் ஏற்றியதையும் இறக்கு என்றார்கள். நாள்கூலிக்கு வந்த பையன்களை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வருடக் கடைசி, தோட்டங்களுக்கு ஏலத்திலிருந்து பணம் போக வேண்டிய நேரம். அமைச்சர் தலைமையில் ஒரு குழு மாஸ்கோ பறந்தது. அஸ்பெஸ்டஸ் தடையை இலங்கை ஒத்திவைத்தது. டிசம்பர் 30 அன்று தேயிலைக்கு வழி திறந்தது.

காகிதத்தில் காரணம் வண்டுதான். எனக்கு அந்தத் தேதிகளே போதும். தன் மக்கள் எந்தக் கூரைக்குக் கீழே படுப்பது என்று முடிவெடுக்க ஒரு நாட்டுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையை இரண்டே வாரத்தில் விட்டுக்கொடுக்க வைத்தது தேயிலை. சித்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சீட் மாற்றக் காசு சேர்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். மழைக்காலத்தில் சித்தப்பாவுக்கு இருமல் நிற்பதில்லை.

திங்கள், புறக்கோட்டை

இன்று பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், அங்கிருந்து நடந்தே செட்டியார் தெரு, புறக்கோட்டை. வெயில். ஒரு கடையில் தேயிலை வாங்கினேன். கடைக்கார முஸ்லிம் பெரியவர் தமிழ் கேட்டதும் ஒரு பிடி தூளை உள்ளங்கையில் போட்டு மோந்து பார்க்கச் சொன்னார். டிம்புள பக்கத்துத் தூள். நல்ல வாசனை. எங்கள் ஊர் சிடிசி தூள், இலையை இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் செய்வது, குருணை மாதிரி இருக்கும், சட்டென்று சாயம் இறங்கும், பால் ஊற்றிக் குடிக்க அதுதான் சரி. இங்கே பெரும்பாலும் இலையைச் சுருட்டிச் செய்கிற ஆர்த்தடாக்ஸ் வகை. பார்த்தாலே தெரியும், சின்னச் சின்னக் கறுப்புத் திரியாக இருக்கும்.

இந்த வித்தியாசம் முக்கியம். ஏன் என்பது பிறகு.

செவ்வாய், ஏலம்

சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் ஒரு புரோக்கர் கம்பெனியில் தேயிலை சுவைப்பவராக இருக்கிறார். பதுளைப் பக்கத்துத் தமிழர். அவர் தயவில் உள்ளே போக முடிந்தது.

நீளமான அறை, வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள். வெள்ளை ஓடு பதித்த மேடை. அதன்மேல் வரிசையாக மூடியோடு சின்னச் சின்னப் பீங்கான் குவளைகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கிண்ணம், பின்னால் தகர டப்பாவில் காய்ந்த தூள். சின்னத் தராசில் தூளை நிறுத்துப் போட்டு, கொதித்த நீர் ஊற்றி, மூடி வைத்து மணி பார்க்கிறார்கள். ஐந்தாறு நிமிடம் ஆனதும் குவளையை அப்படியே கிண்ணத்தில் சாய்த்து வடிய விடுகிறார்கள். வெந்த இலையை மூடியைத் திருப்பி அதன்மேல் கொட்டுகிறார்கள். தூள், வெந்த இலை, சாயம் என்று மூன்றையும் பார்த்துத்தான் மதிப்பு. ஐயா கரண்டியில் எடுத்து உறிஞ்சிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது. வாயில் இரண்டு சுற்று, சக்கரம் வைத்த தொட்டியில் துப்பல், பக்கத்தில் நிற்கும் பையனிடம் ஒரு வார்த்தை, ஒரு விலை. அடுத்த குவளை. நான் ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சினேன், புரையேறியது. அவர் சிரிக்காமல் தண்ணீர் கொடுத்தார்.

கொழும்பு ஏலம் 1883 ஜூலையில் தொடங்கியது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்ட 1867-இலிருந்து பார்த்தால் பதினாறு வருடம். அந்த இடைவெளியில்தான் இலை நோய் வந்து கோப்பிப் பயிர் அழிந்து, மலை முழுக்கத் தேயிலையாகியிருந்தது. செவ்வாயும் புதனும் ஏலம். முன்பெல்லாம் வர்த்தகச் சங்கக் கட்டடத்தில் வாங்குபவர்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்து கத்துவார்களாம். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்ததும் எல்லாம் கணினிக்கு மாறிவிட்டது. இன்று நான் பார்த்தது ஒரு திரையும், அதில் லாட் எண்களும், மேலே ஏறும் விலையும். ஒரு தோட்டத்தின் ஒரு வாரத்து உழைப்பு சில நொடிகளில் கைமாறிப் போகிறது. திரையில் தோட்டத்தின் பெயரும் தரமும் இருக்கும். அந்த விலையை வைத்துத்தான் கொழுந்துக்கு விலை. கொழுந்து விற்கிற சிறு தோட்டக்காரர்கள்தான் இன்று இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கைத் தருகிறார்கள், காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிங்கள விவசாயிகள் நிறையப் பேர். கூடலூரில் நாங்கள் எப்படியோ அப்படித்தான் அவர்களும்.

யார் வாங்குகிறார்கள் என்று ஐயாவிடம் கேட்டேன். அவர் விரல்விட்டுச் சொன்னார். முதலிடம் ஈராக். அப்புறம் ரஷ்யா, ஐக்கிய அரபு அமீரகம், துருக்கி, ஈரான், லிபியா. "தம்பி, இந்த லிஸ்டைப் பாருங்க. எத்தனை நாட்டுல யுத்தம், எத்தனை நாட்டுல தடை? எங்க தேயிலையைக் குடிக்கிறவங்க எல்லாரும் யாரோ ஒருத்தரோட பகையில இருக்கிறவங்க. அவங்க அடி வாங்கினா இங்க ஏலத்துல வலிக்கும்."

ஈரான் கதையை அவர் சொல்லித்தான் முழுதாகப் புரிந்தது. 2012-இல் இலங்கை ஈரானிடம் எண்ணெய் வாங்கியது. அமெரிக்கத் தடையால் பணம் அனுப்ப வழியில்லை. கடன் 25.1 கோடி டாலர் அப்படியே நின்றது. 2021 டிசம்பரில் இரண்டு நாடும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தன. மாதம் 50 லட்சம் டாலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுத்துக் கடனைக் கழிப்பது. இங்கே ஏற்றுமதியாளருக்கு ரூபாய், அங்கே ஈரானியருக்குத் தேயிலை. இலங்கை கையில் டாலரே இல்லாமல் திண்டாடத் தொடங்கியிருந்த காலம் அது. விற்று டாலர் கொண்டு வர வேண்டிய சரக்கு பழைய எண்ணெய்க்குப் போனது. ஆனாலும் நல்ல ஏற்பாடு என்றுதான் ஐயா சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஈரானியர் இலங்கைத் தேயிலையை மறந்துவிட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

உர விஷயத்தையும் அவர் சும்மா விடவில்லை. 2021-இல் ஒரே உத்தரவில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். சில மாதத்தில் உத்தரவு திரும்பியது, செடி திரும்பவில்லை. 2013-இல் 34 கோடி கிலோ விளைந்த நாட்டில் 2022-இல் 25 கோடி கிலோ. "வாங்குறவன் நம்மள விட்டுப் போறது ஒண்ணு. அவன் கேட்கும்போது கொடுக்கச் சரக்கு இல்லாம நாமளே அனுப்பி வைக்கிறது இன்னொண்ணு" என்றார். அந்தக் கோபம் அவர் முகத்தில் இன்னும் ஆறவில்லை.

புதன், வெள்ளவத்தை

ஒரு சின்ன நாடு பெரிய நாட்டுக்கு முடியாது என்று சொல்லிப் பிழைத்த கதை கேட்கக் கிடைத்தது. சித்தப்பாவின் நண்பர், யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியர், எண்பது தாண்டியவர். எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள். கடற்கரைப் பக்கம் மாடி வீடு, கீழே ரயில் போகும்போது ஜன்னல் அதிர்கிறது.

1950-இல் கொரியப் போர் தொடங்கியதும் ரப்பர் விலை ஏறியது. டயருக்கு ரப்பர் வேண்டும், டயர் இல்லாமல் போர் இல்லை. 1951-இல் சீனாவுக்கு ரப்பர் போன்ற சரக்குகளை விற்கக்கூடாது என்று ஐ.நா. சொன்னது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினரே இல்லை, 1955-இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். 1952-இல் ரப்பர் விலை இறங்கியது, அரிசி விலை ஏறியது. ரப்பரை விற்று அரிசி வாங்கும் நாட்டுக்கு இரண்டு பக்கமும் இடி. அமெரிக்காவிடம் நியாயமான விலைக்கு ரப்பரை எடுத்துக்கொள், அரிசி கொடு என்று கேட்டார்கள். ஒத்துவரவில்லை. சீனா ஒத்துக்கொண்டது. அப்போது டட்லி சேனநாயக்க பிரதமர். அவருடைய வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க பீகிங் போனார். 1952 டிசம்பரில் ஐந்து வருட ஒப்பந்தம். வருடம் 50,000 டன் ரப்பர் போகும், 2,70,000 டன் அரிசி வரும். ரப்பருக்கு உலகச் சந்தையைவிட நல்ல விலை.

அமெரிக்கா சும்மா இருக்கவில்லை. உதவி நின்றது, 1956 வரை திரும்பவில்லை. ரப்பர் இலையில் விழும் பூஞ்சைக்குத் தூவ வேண்டிய கந்தகத்தைக்கூட விற்க மறுத்தார்கள். பயிருக்கு மருந்து இல்லாமல் செய்வது எவ்வளவு கொடுமை என்று செடி வளர்ப்பவனுக்குத்தான் தெரியும். எங்கள் தோட்டத்தில் கொப்புள நோய் பிடித்த வருடம் நான் தூங்கியதில்லை.

"டட்லியின்ர கட்சி கம்யூனிஸ்டுகளோட சேர்ந்த கட்சியே இல்லை, தம்பி," என்றார் மாஸ்டர். "அமெரிக்காவைப் பிடிச்ச ஆக்கள்தான். ஆனா சனத்துக்குச் சோறு வேணும். சோறு எண்டு வந்தால் கொள்கையைப் பிறகு பாக்கலாம் எண்டு துணிஞ்சினம். நாங்கள் சின்னப் பிள்ளையள், சீன அரிசி எண்டு அம்மா சொல்லிச் சொல்லிச் சமைச்சவ."

ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து 1982 வரை ஓட்டினார்கள். முப்பது வருடம். அதற்காக எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத மாட்டேன். ஒப்பந்தம் போட்ட சில மாதங்களிலேயே அதே அரசு பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது, டட்லி பதவி விலகினார். ஆனால் பேரம் பேசிய முறையைப் பாருங்கள். அரிசி கொடுக்கவும் ரப்பர் எடுக்கவும் இரண்டாவதாக ஒருவர் தயாராக இருந்ததால்தான் முதலாமவரிடம் முடியாது என்று சொல்ல முடிந்தது. 2017-இல் ரஷ்யா வாங்கிய அளவை அடுத்த மாதமே எடுத்துக்கொள்ள வேறு யாரும் வரிசையில் இல்லை.

2022 ஜூனிலும் இதே கதை எட்டிப் பார்த்தது. குத்தகைப் பிரச்சினை ஒன்றில் கொழும்பு நீதிமன்ற உத்தரவால் ரஷ்யாவின் ஏரோஃப்ளோட் விமானம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் நின்றது. மாஸ்கோ இலங்கைத் தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தது, ஏரோஃப்ளோட் கொழும்புச் சேவையை நிறுத்தியது. பெட்ரோலுக்கு ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற நேரம். சில நாளில் உத்தரவு நீங்கி விமானம் பறந்தது. தேயிலைக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஸ்டோரில் எல்லோர் வாயிலும் வண்டுப் பேச்சுதான் என்கிறார் சித்தப்பா.

வியாழன், காலிமுகத்திடல்

சாயங்காலம் காற்று. பட்டம் விடுகிற பிள்ளைகள். தூரத்தில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்கள். இறால் வடைக் கடையில் வேலை செய்யும் பையன் மஸ்கெலியாக்காரன். என் ஊர் கேட்டான், கூடலூர் என்றதும் "எங்க பெரியம்மா அங்கதான் போனாங்க" என்றான். மலையகத்தில் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு பெரியம்மா உண்டு.

அவன் அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். ஒரு முழுப் பேருக்கு, அதாவது முழுநாள் கூலிக்கு, 18 கிலோ வேண்டும் என்றான், தோட்டத்துக்குத் தோட்டம் மாறுமாம். குறைந்தால் அரைப்பேர். மழை, அட்டை, செடி வயதாகிப்போனது எதையும் தராசு கேட்பதில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று மலையகம் எத்தனையோ வருடம் கத்தியது. 2018 அக்டோபரில் இதே திடலில் இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு கூடி அதைத்தான் கேட்டார்கள். கிடைத்தது 2021-இல். அதற்குப் பின் ரூபாயே மதிப்பிழந்து விழுந்தது. 2024-இல் அடிப்படை 1,350 ஆனது. அப்போது டாலரில் நாலரை. "சம்பளம் கூட்டச் சொன்னா, ஏலத்துல விலை இல்லை, ரஷ்யாவுல பிரச்சினை, ஈரான்ல பிரச்சினைன்னு சொல்றாங்க. விலை ஏறின வருசம் ஏன் யாரும் எங்களைக் கூப்பிட்டுச் சொல்றதில்ல?" என்றான். இரண்டு வடையை எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டே சொன்னான். அந்தக் கேள்விக்கு இந்த வாரம் நான் பார்த்த எவரிடமும் பதில் இல்லை.

திடல் சுவரில் உட்கார்ந்து ஆஸ்திரேலியாவை நினைத்துக்கொண்டிருந்தேன். 2020-இல் கொரோனா எங்கிருந்து வந்தது என்று சுதந்திரமான விசாரணை வேண்டும் என்றது அந்த நாடு. அதன் மிகப்பெரிய வாடிக்கையாளர் சீனா. மே மாதமே ஆஸ்திரேலிய பார்லிக்கு 80.5 சதவீத வரி. அப்புறம் ஒயினுக்கு 200 சதவீதத்துக்கு மேல். நிலக்கரிக் கப்பல்களை இறக்க விடாமல் மாதக்கணக்கில் கடலில் நிறுத்தினார்கள். ஜக் ஆனந்த் என்ற கப்பலில் நம் இந்திய மாலுமிகள் 23 பேர் சரக்கோடு சரக்காக மாட்டிக்கொண்டு, 2021 ஜனவரியில் ஜப்பான் போய்த்தான் கரையேறினார்கள். இவ்வளவு கோபத்திலும் இரும்புத் தாதை மட்டும் சீனா தொடவில்லை. தன் உலைகளுக்கு அந்த அளவில் தாது கொடுக்க வேறு நாடு இல்லை. பார்லி வரி 2023-இல் போனது, ஒயின் வரி 2024-இல். அதற்குள் பார்லிக்காரர்கள் வேறு நாட்டுக்கு விற்கப் பழகியிருந்தார்கள்.

அப்படியானால் இலங்கைத் தேயிலை பார்லியா, இரும்புத் தாதா? ரஷ்யரும் ஈராக்கியரும் விரும்பும் ஆர்த்தடாக்ஸ் இலையை இவ்வளவு விளைவிக்கும் நாடுகள் அதிகம் இல்லை. அந்த மட்டில் இரும்பு. ஆனால் தேநீர் இல்லாமல் உலை அணையாது. கொஞ்ச நாள் கென்யத் தூளைக் குடித்து ஒப்பேற்றலாம். எங்கள் நீலகிரி சிடிசி தூளோ சுத்தமாக பார்லிதான், நாங்கள் இல்லையென்றால் பத்து இடத்தில் கிடைக்கும். 1991-க்குப் பிறகு எங்களைத் தேடி யாரும் வராததற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். குன்னூரில் ஆர்த்தடாக்ஸ் செய்கிற தொழிற்சாலைகள் ஏன் இவ்வளவு குறைவு என்று எங்கள் விவசாயிகள் கூட்டத்தில் கேட்க வேண்டும். இயந்திரம் மாற்றக் காசு வேண்டும், நல்ல கொழுந்து பறிக்க ஆள் வேண்டும், ஆளுக்கு நியாயமான கூலி வேண்டும். கஷ்டம்தான். ஆனாலும் கேட்க வேண்டும்.

சனி, கொட்டாஞ்சேனை

நேற்று எழுதவில்லை. சித்தப்பாவுக்கு மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே. இப்போது பரவாயில்லை.

தங்கச்சி லீவில் வந்திருக்கிறாள். சித்தப்பாவின் கடைசி மகள், கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். தேயிலை பற்றியே பேசிக்கொண்டிருந்த வீட்டில் அவள் வந்ததும் பேச்சு அமெரிக்காவுக்கு மாறிவிட்டது. இலங்கை ஏற்றுமதியை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மிகப்பெரிய வாடிக்கையாளர் அமெரிக்காதான், வாங்குவதில் பெரும்பகுதி துணி. 2025 ஏப்ரலில் டிரம்ப் இலங்கைச் சரக்குக்கு 44 சதவீத வரி என்றார். ஜூலையில் 30. ஆகஸ்ட் 7-ஆம் தேதி முதல் 20. கொழும்பில் பெருமூச்சு விட்டார்கள். இந்தியாவுக்கு அப்போது 25, ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக இன்னொரு 25 அதே ஆகஸ்ட் 27-ஆம் தேதி சேர இருந்தது. மறுபடியும் ரஷ்யா, மறுபடியும் எண்ணெய்.

"அண்ணா, உங்களுக்கு 50, எங்களுக்கு 20. அப்ப திருப்பூர் ஆர்டர் இங்க வரும்னு மெனேஜர் சொல்றார். ஓவர்டைம் இருக்காம்," என்றாள். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அத்தை மகன் அங்கதானே வேலை செய்யுது?"

ஆமாம். என் சொந்த அத்தை மகன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அங்கேயே போன் போட்டுக் கொடுத்தேன். முதல்முறை பேசுகிறார்கள், ஆனாலும் தொழில் ஒன்று என்பதால் கூச்சம் சீக்கிரம் போயிற்று. எந்த பிராண்டுக்குத் தைக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒரே அமெரிக்கக் கடைதான், இரண்டு பேருக்கும். திருப்பூரில் அந்த பையர், அதாவது துணியை வாங்குகிற கம்பெனிக்காரன், சொல்லியிருக்கிறான், வரியில் பாதியை நீங்கள் ஏற்காவிட்டால் இலங்கைக்குப் போய்விடுவோம் என்று. கட்டுநாயக்கவில் ஏப்ரலிலேயே இவர்களிடம் சொன்னானாம், விலையைக் குறைக்காவிட்டால் இந்தியாவுக்குப் போய்விடுவோம் என்று. தங்கச்சி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஒரு டீஷர்ட்டுக்கு அங்கே தையல் கூலி எவ்வளவு, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ், இந்த சீசனில் பையர் எவ்வளவு வெட்டினான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். இந்தியா ஒரு பக்கம், இலங்கை ஒரு பக்கம் என்று நடுவில் கோடு போட்டிருக்கிறாள். அத்தை மகனும் அங்கே பேப்பர் எடுத்துவிட்டதாகச் சொல்கிறான்.